செட்டிநாட்டு வீட்டில் கால்சியோலேரியா: வாங்குவது முதல் பூ முடிவது வரை

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இந்தச் செடியைப் பார்த்தவர்கள் சும்மா திரும்பி வருவது கடினம். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். அதன் தலை முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக, புள்ளி தெளித்த குட்டிச் செருப்புகள் அடுக்கி வைத்த மாதிரி பூக்கள். பெயர் கால்சியோலேரியா. ஆசைப்பட்டு வாங்கிக் காரில் வைத்து, மதுரையைத் தாண்டி, காரைக்குடி வந்து இறக்கும்போதே பாதிப் பூ தொங்கிப்போயிருக்கும். மூன்றாம் நாள் செடி முழுதும் படுத்துவிடும். "நம்ம ஊருக்கு இது சரிப்படாது" என்று தொட்டியைக் கொல்லைப்புறம் தள்ளிவிடுவார்கள்.

சரிப்படாது என்பது பாதிதான் உண்மை. செட்டிநாட்டு மண்ணில் இதை விதை போட்டு வளர்த்துப் பூக்க வைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் மொட்டோடு வாங்கி வந்து, சரியான மாதத்தில் சரியான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் நன்றாகவே பூத்திருக்கும். அந்த இரண்டு மூன்று வாரத்தை முழுதாகப் பெறுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

செடியின் குணம்

இதன் பூர்வீகம் மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடி வரை. குறிப்பாகப் பெரு, சிலி நாடுகளின் ஆண்டிஸ் மலைச்சரிவுகள். இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. கடைகளில் தொட்டியில் விற்பது அவற்றில் சிலவற்றைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு. ஒரு பருவம் பூத்து முடிந்துவிடும். சின்ன இலையும் மஞ்சள் நிறக் குட்டிப் பூக்களுமாகப் புதராக வளரும் இன்னொரு வகை இருக்கிறது. அது கொஞ்சம் கூடுதலாக வெப்பம் தாங்கும். கண்ணில் பட்டால் முதலில் அதை வாங்குங்கள். பூவின் பகட்டு குறைவு, ஆயுள் அதிகம்.

இந்தச் செடிக்குப் பிடித்த வெப்பநிலை பகலில் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ், இரவில் 10 முதல் 13. நம் பக்கம் மார்கழி, தை மாத இரவுகளிலேயே 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. பகல் வெயிலுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் செடியை அதிகம் வாட்டுவது நம் இரவுப் புழுக்கம். பகல் சூட்டில் இழந்ததை இரவுக் குளிர்ச்சியில் மீட்டுக்கொள்ளும் செடி இது. இரவிலும் 26 டிகிரி என்றால் மீட்க வழியில்லை.

இலையும் தண்டும் மிக மென்மையானவை. விரலை அழுத்தி வைத்தால் ஒடிந்துவிடும். வேரோ மெல்லிய நார் மாதிரி. தண்ணீர் தேங்கினால் ஓரிரு நாளில் அழுகத் தொடங்கும், காய்ந்தாலும் பொறுக்காது. கீழே சொல்லப்போவதில் பெரும்பாலானவை வெப்பம், மென்மை, வேர் என்ற இந்த மூன்றில் ஒன்றோடு தொடர்புடையவைதான்.

எந்த மாதம்

மலையில் இது கோடையிலும் பூத்துக் குலுங்குவதால், நம் ஆட்கள் மே மாதச் சுற்றுலாவில்தான் வாங்குகிறார்கள். அப்போது காரைக்குடியில் வெயில் 38 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மே மாதத்தில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வாங்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நமக்கான காலம் மார்கழி நடுவிலிருந்து தை கடைசி வரை. அதற்கு முன்னால் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், மாசி பிறந்துவிட்டால் பகல் சூடு ஏறிவிடும். நல்ல வேளையாக, வீடுகள் திறந்து ஆட்கள் நிறைந்திருக்கும் காலமும் ஏறக்குறைய இதுதான். பிள்ளையார் நோன்பு, பொங்கல், தை மாதக் கல்யாணங்கள் என்று மலேசியாவிலும் சென்னையிலும் இருப்பவர்கள் ஊர் வந்து சேர்வார்கள். வருஷத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் இதை வைப்பதில் அர்த்தமில்லை. தினம் ஒருவர் கண் பார்த்தே ஆக வேண்டிய செடி.

தை மாதத்தில் பூக்க வேண்டுமானால் மலையில் ஆகஸ்ட் வாக்கிலேயே விதை போட்டிருக்க வேண்டும். எல்லா நர்சரியும் குளிர்காலத்துக்கென்று இதை வளர்ப்பதில்லை. ஆகவே கொடைக்கானல், ஊட்டி, பெங்களூரு என்று எங்கே தெரிந்த நர்சரி இருந்தாலும் ஆடி மாதமே கேட்டு வைத்துவிடுங்கள். கேட்கும்போது கால்சியோலேரியா என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள். செருப்பு மாதிரிப் பூக்கும் செடி என்று மட்டும் சொன்னால், அதே வடிவத்தில் பூக்கும் ஆர்க்கிட் வகையையோ, கிள்ளினால் பால் வடியும் வேலிச்செடி ஒன்றையோ காட்டுவார்கள். அவற்றின் வளர்ப்பு முறையே வேறு.

நர்சரியில் எதைப் பார்க்க வேண்டும்

முழுக்கப் பூத்த செடிதான் கண்ணைப் பறிக்கும். அதை விட்டுவிடுங்கள். நான்கைந்து பூ விரிந்து, மற்றதெல்லாம் மொட்டாக, அந்த மொட்டிலும் நிறம் தெரியத் தொடங்கியிருக்கும் செடிதான் நமக்கு வேண்டும். ரொம்பப் பச்சையான சின்ன மொட்டு நம் சூட்டில் விரியாமல் கருகிவிடும். நிறம் ஏறிய மொட்டு பெரும்பாலும் விரிந்துவிடும்.

தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். துளை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. பழுப்பு வேரும் புளித்த வாடையும் இருந்தால் வைத்துவிடுங்கள். பிறகு இலையைப் புரட்டிப் பாருங்கள். அடியில் அசுவினியோ (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) வெள்ளை ஈயோ இருந்தால், அந்தச் செடி மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பதும் வேண்டாம். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. மலையிலேயே அப்படி இருக்கும் செடி, நம் தண்ணீரில் தேறாது.

மலையிலிருந்து வீட்டுக்கு

கொடைக்கானலிலிருந்து மதுரை வழியாகக் காரைக்குடி சுமார் 200 கிலோமீட்டர். செடி பாதி செத்துப்போவது இந்த வழியில்தான். கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே தண்ணீர் ஊற்றிவிட்டு, கிளம்பும்போது ஊற்றாமல் இருக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறி விறைத்த தண்டு குலுக்கலில் சட்டென்று ஒடியும். அட்டைப்பெட்டிக்குள் தொட்டியை நிறுத்தி, சுற்றிலும் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, மேலே திறந்தபடி வையுங்கள். டிக்கியில் வைக்கவே கூடாது. ஏசி ஓடும் காரில், பின்சீட்டுக்குக் கீழே தரையில் வைக்கலாம். ஏசி காற்று நேராகச் செடி மேல் அடிக்காத இடமாக இருக்கட்டும். முடிந்தால் மாலையில் கிளம்பி இரவில் வந்து சேருங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. மலைக்குப் போனால் விருப்பாச்சி மலைவாழைப்பழம், பிளம்ஸ், பட்டர் ஃபுரூட் என்று வாங்காமல் வர மாட்டோம். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். கால்சியோலேரியா அந்த வாயு பட்டாலே பூவை உதிர்க்கும் ரகம். ஜன்னல் மூடிய காரில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஐந்து மணி நேரம் வந்தால், வீட்டில் இறக்கும்போது பெட்டிக்குள் பூக்கள் கொட்டிக் கிடக்கும். பழம் ஒரு வண்டி, செடி ஒரு வண்டி என்று பிரிக்க முடியாவிட்டால் பழத்தை டிக்கியில் போடுங்கள்.

வீட்டில் எங்கே

இங்கேதான் செட்டிநாட்டு வீடு மற்ற ஊர் வீடுகளைவிடக் கை கொடுக்கும். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், குளிர்ந்த தரை என்று எல்லாமே வெயிலைச் சமாளிக்கக் கட்டியவை. புது மாடி வீட்டு பால்கனியில் ஒரு வாரம் தாங்கும் செடி, வளவு எனும் முற்றத்தைச் சுற்றிய உள்கட்டின் தாழ்வாரத்தில் அதைவிடக் கணிசமாக அதிக நாள் தாங்கும்.

தாழ்வாரத்தில் எந்தப் பக்கம்? மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் முற்றத்தின் வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில் வெயில் உள்ளே வரை ஏறும். தெற்குப் பக்கத் தாழ்வாரம் வடக்குப் பார்த்திருப்பதால் அதன் கூரையே நிழல் தரும். அங்கே நேர் வெயில் விழாது, முற்றத்து வெளிச்சம் மட்டும் நிறைய வரும். செடிக்கு வேண்டியதும் அதுதான். அது வசதிப்படாவிட்டால் மேற்குப் பக்கத் தாழ்வாரம். காலை இளவெயில் ஒரு மணி நேரம் பட்டால் தப்பில்லை. கிழக்குப் பக்கத் தாழ்வாரத்தில் மாலை வெயில் நேராக இறங்கும், அது கூடாது.

முற்றத்துக்கு மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடிய வீடுகள் இப்போது நிறைய. ஷீட்டுக்குக் கீழே சூடு தேங்கி நிற்கும். அந்த வீட்டுக்காரர்கள் முகப்புத் திண்ணையைப் பாருங்கள். வடக்குப் பார்த்த திண்ணையாக இருந்தால் நல்லது. பட்டாசாலைக் கூடத்து ஜன்னலோரம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சம் போதாமல் சில நாளில் தண்டு நீண்டு சாயும். கல்யாணத்துக்காக அலங்காரமாக அங்கே வைப்பதென்றால் அந்த ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி தாழ்வாரத்துக்குக் கொண்டு போங்கள்.

மேஜை மேல் வைப்பதைவிடத் தரையில் வைப்பது மேல். ஆத்தங்குடித் தரைக்கு மேலே இருக்கும் காற்று, இடுப்பு உயரத்துக் காற்றைவிடக் குளிர்ந்தது. தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு கட்டாயம். வழியும் தண்ணீரில் உள்ள உப்பும் உரமும் ஆத்தங்குடிக் கல்லில் வட்டமாகக் கறை விட்டுவிடும்; அப்புறம் எத்தனை முறை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது.

இரவில் தொட்டியை முற்றத்து ஓரத்துக்கு நகர்த்தி வையுங்கள். திறந்த வானத்துக்குக் கீழே சூடு சீக்கிரம் இறங்கும். ஆனால் கூரை விளிம்புக்கு உள்ளேயே இருக்கட்டும். மார்கழிப் பனி இலையிலும் பூவிலும் இறங்கினால் சாம்பல் பூஞ்சணம் வரும். காலை எட்டு மணிக்குள் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். இந்த இடமாற்றம் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் உரம், மருந்து எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது இதுதான்.

இன்னும் இரண்டு டிகிரி குறைக்க வேண்டுமா? மானாமதுரை மண் தொட்டி பெரிதாக ஒன்று வாங்குங்கள். வர்ணம் பூசாததாக இருக்க வேண்டும். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஆற்று மணல் போட்டு, செடி இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே உள்ளே இறக்கி, சுற்றியுள்ள இடைவெளியையும் மணலால் நிரப்புங்கள். அந்த மணலை மட்டும் காலையும் மாலையும் நனையுங்கள். மண் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும்போது வேர்ப்பகுதி குளிரும். உள்தொட்டியின் விளிம்பு மணலுக்கு மேலே ஒரு விரல் தெரியட்டும். மணல் சொதசொதவென்று இருந்தால் அடித்துளை வழியாக வேருக்கு ஈரம் ஏறிவிடும். நசநசப்பு போதும்.

சமையல்கட்டுப் பக்கம், வாழைத்தார் தொங்கும் இடம், விறகு அடுப்புப் புகை, சாம்பிராணிப் புகை எல்லாம் விலக்கு. காரணம் அதே எத்திலீன்தான். புகையிலும் அது இருக்கிறது. பொங்கல் அன்று முற்றத்தில் அடுப்பு வைக்கும் வீடுகளில் அன்று காலை மட்டும் செடியை முகப்புக்கு மாற்றிவிடுங்கள்.

தொட்டி மாற்றாதீர்கள்

புதுச் செடி வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றி, செம்மண்ணும் ஆட்டு எருவும் போடுவது நம் வழக்கம். இந்தச் செடிக்கு அது வேண்டாம். பூத்திருக்கும்போது வேரைக் கலைத்தால் மொட்டு உதிரும். நம் செம்மண் நனைந்து காய்ந்தால் கட்டியாக இறுகும். மெல்லிய வேர் அதற்குள் மூச்சுத் திணறும். வந்த தொட்டியிலேயே இருக்கட்டும்.

தண்ணீர்

கால்சியோலேரியா சாவதில் பெரும்பங்கு தண்ணீரால்தான், அதிலும் அதிகத் தண்ணீரால். நடப்பது இப்படி: மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குகிறது. பார்த்தவர் பதறி ஒரு செம்பு ஊற்றுகிறார். மண்ணில் ஏற்கெனவே ஈரம் இருந்திருக்கும். இலை தொங்கியது சூட்டினால். ஊற்றிய தண்ணீரில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, எனவே மறுநாள் இன்னும் தொங்கும். இன்னொரு செம்பு. அதோடு முடிந்தது.

அதனால் இலையைப் பார்த்து ஊற்றாதீர்கள், தொட்டியைத் தூக்கிப் பார்த்து ஊற்றுங்கள். நன்றாக நனைந்து வடிந்த தொட்டியின் கனம் கைக்கு இரண்டே நாளில் பழகிவிடும். அந்தக் கனம் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்ற அளவுக்குக் குறைந்ததும், மேல் மண் விரலில் ஒட்டாத நிலையில், தண்ணீர் நேரம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பொறுப்பை விட்டுப் போவதானால், "தினம் ஊத்துங்க" என்று சொல்லிவிடாதீர்கள். "அண்ணே, தூக்கிப் பாருங்க, லேசா இருந்தா மட்டும் ஊத்துங்க" என்று சொல்லி, ஒரு முறை அவர் கையில் கொடுத்தே காட்டிவிடுங்கள்.

மேலே ஊற்றுவதைவிடக் கீழிருந்து கொடுப்பது நல்லது. மணல் தொட்டி முறை வைத்திருந்தால் உள்தொட்டியை மெதுவாக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் மூன்று விரல் உயரம் தண்ணீர் வைத்து, தொட்டியை அதில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். மேல் மண் கருத்ததும் எடுத்து, நன்றாக வடியவிட்டு, பிறகு இடத்தில் வையுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. இதைக் காலையில் செய்துவிட வேண்டும். இலை மேலும், இலைகள் கூடும் நடுப்பகுதியிலும் தண்ணீர் படவே கூடாது. பூவின் உப்பலான பைக்குள் ஒரு சொட்டு நின்றாலும் அங்கே பழுப்புப் புள்ளி விழும். சூட்டுக்கு இதமாக இருக்குமே என்று ஸ்பிரேயரில் நீர் தெளிப்பவர்கள் கூழாங்கல் தட்டுக்கு மாறுங்கள்: தட்டில் கல் பரப்பி, கல்லின் மேல்மட்டத்தைத் தொடாத அளவுக்குத் தண்ணீர் விட்டு, கல் மேல் தொட்டியை வைத்தால் சுற்றிக் காற்று கொஞ்சம் ஈரமாகும்.

எந்தத் தண்ணீர்? இந்தச் செடிக்கு மண் லேசான அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும், கார அமில நிலை 5.5 முதல் 6 வரை. கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் போர்த் தண்ணீர், அதை மெல்ல மேலே ஏற்றிவிடும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு மழைநீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கூரைத் தண்ணீரை முற்றத்தில் இறக்கி அண்டாவில் பிடித்து வைத்த வீடுகள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கைந்து குடம் பிடித்து மூடி வைத்தால் இந்தச் செடிக்குப் போதும். இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர்.

உரம்

மொட்டோடு வந்த செடிக்குப் பெரிதாகத் தேவையில்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்துப் பத்து நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. சாணக்கரைசல், புண்ணாக்கு வேண்டாம். இளம் இலை மஞ்சளானால் மட்டும் உரக்கடையில் கிடைக்கும் இரும்புச் செலேட்டைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி கரைத்து மண்ணில் ஊற்றுங்கள். அதையும் கொல்லையில் வைத்துச் செய்யுங்கள், இரும்புக் கறை தரையில் பட்டால் போகாது.

நோய் தெரிந்தால்

மதியம் தொங்கி, மாலை ஆறு ஏழு மணிக்கு நிமிர்ந்தால் அது சூடு. இடத்தை மாற்றுங்கள், தண்ணீர் வேண்டாம். மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்து, மண் ஈரமாகவும் இருந்தால் வேர் அழுகுகிறது. தொட்டியைச் சாய்த்து மண்ணுருண்டையை மெதுவாக உருவிப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளை வேர் இன்னும் தெரிந்தால், மண்ணுருண்டையைச் செய்தித்தாள் மேல் நிழலில் ஒரு மணி நேரம் வைத்து ஈரத்தை இழுக்கவிட்டுத் திருப்பி வையுங்கள். எல்லாம் பழுப்பு என்றால் காப்பாற்ற வழி இல்லை.

எறும்பு ஏறுகிறதா? எங்கோ அசுவினி இருக்கிறது. மொட்டுக் காம்பில்தான் கூட்டமாக இருக்கும். வர்ணம் தீட்டும் மென்மையான பிரஷ்ஷால் துடைத்து ஒரு பாத்திரத் தண்ணீரில் உதறுங்கள். பூத்த செடியில் வேப்பெண்ணெய் அடித்தால் பூச்சியோடு பூவும் போகும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று பக்கத்தில் நட்டால் போதும். காய்ந்த காற்றில் இலை வெளிறி, அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் அது சிலந்திப்பேன். அந்த இலைகளைக் கிள்ளிவிடுங்கள். சாம்பல் பூஞ்சணம் வந்த பூவையும் இலையையும் கத்தரியால் வெட்டி எடுத்து, செடியைச் சுற்றிக் காற்று ஓட இடம் விடுங்கள். வாடிய பூவைத் தினம் எடுத்துவிடுவதே இதற்கு முன்தடுப்பு. இழுக்காதீர்கள், வெட்டுங்கள்.

விதை போட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு

விதை தூசி மாதிரி, ஒரு கிராமில் பல்லாயிரம் இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண் மூடக் கூடாது. நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவில் தூவி, கண்ணாடி மூடி, 18 முதல் 21 டிகிரியில் வைத்தால் இரண்டு வாரத்தில் முளைக்கும். ஏசி அறையில் இது வரை செய்துவிடலாம். சிக்கல் அப்புறம்தான். இலைகள் திரண்டதும், நான்கு முதல் ஆறு வாரம் 10 டிகிரி அளவிலான குளிர் கிடைத்தால்தான் மொட்டு உருவாகும். அந்தக் குளிரோடு நல்ல வெளிச்சமும் வேண்டும் என்பதால் வீட்டு ஃபிரிட்ஜ் உதவாது. கடைகளில் கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில் விளக்கு பொருத்திச் செய்து பார்க்கலாம்தான். கரண்ட் பில்லுக்கு மலையிலிருந்து பத்துச் செடி வந்துவிடும். கொடைக்கானலில் உறவினர் வீடு இருந்தால் அங்கே வளர்த்து மொட்டில் கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

பூத்த செடியிலிருந்து விதை எடுக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். பல கால்சியோலேரியா இனங்களின் பூ தேனுக்குப் பதில் எண்ணெய் சுரக்கும். அந்த எண்ணெயைச் சேகரிக்க வரும் தேனீக்கள் அமெரிக்கக் கண்டத்தில்தான் இருக்கின்றன. நம் வீட்டில் தானாக மகரந்தம் சேர்வது அரிது. சேர்ந்தாலும், வீரிய ஒட்டுச் செடியின் விதை தாய் மாதிரி வராது.

பூ முடிந்த பிறகு

மாசி வெயில் ஏறும்போது செடி மஞ்சளாகும். வெட்டிவிட்டு அடுத்த வருஷம் வரை காப்பாற்றப் பார்க்காதீர்கள், இது ஒரு பருவச் செடி. அழுகல் இல்லாத செடியைக் கொல்லைக் குப்பைக்குழியில் போடலாம். அழுகி இறந்ததை மண்ணோடு தூர எறிந்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள்.

காலியான தாழ்வார இடத்தில் கோடைக்கு டோரீனியா வைக்கலாம். வாய் திறந்த குழல் மாதிரி ஊதாப் பூ, பாதி நிழலில் நம் சூட்டையும் தாங்கும். முற்றத்து வெயில் படும் பக்கத்தில் காசித்தும்பை விதை தூவினால் ஒரு வாரத்தில் முளைத்து இரண்டு மாதத்தில் பூத்துவிடும். கால்சியோலேரியாவுக்கு ஆடியில் நர்சரிக்கு மறுபடி ஒரு போன் போடுங்கள். இந்த முறை மொட்டு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.